டிஜிட்டல் கீபோனுக்கு ஒயர் போடும்போது நேரும் தவறுகள்

லேண்ட்லைனுக்கு ஒயர் போட்டுப் பழகியவர்களை ஆபீஸ் இபிஏபிஎக்ஸின் (ஆபீஸுக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி) டிஜிட்டல் கீபோன், அதாவது டிஸ்பிளேயும் பல பட்டன்களும் உள்ள போன், அடிக்கடி குழப்பிவிடும். ஒயர் அறுபடவில்லை என்று மல்டிமீட்டரில் பீப் கேட்கும், ஆனால் போனை மாட்டினால் டிஸ்பிளே எரியாது. உடனே போன் போய்விட்டது, பெட்டிக்குள் இருக்கும் கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் இரண்டும் நன்றாகவே இருக்கும், கோளாறு ஒயரில் இருக்கும்.

முதலில் போர்ட்டை, அதாவது கார்டில் போன் ஒயர் சேரும் இடத்தைக் கவனியுங்கள். சாதாரண (அனலாக்) போனுக்கான போர்ட், மணி அடிக்க 75 வோல்ட் அளவில் ஏசி மின்சாரம் அனுப்பும். டிஜிட்டல் போர்ட்டில் அது கிடையாது. அழைப்பு வந்திருக்கிறது என்ற தகவல் மட்டும் வரும், மணியைப் போனே ஒலித்துக்கொள்ளும். அதனால் டிஜிட்டல் போனை அனலாக் போர்ட்டிலோ வெளி லைனிலோ செருகிப் பார்க்கவே கூடாது. வேலை செய்யாது என்பதோடு போகாமல் போனே பழுதாகலாம். ஒரு கம்பெனியின் டிஜிட்டல் போன் இன்னொரு கம்பெனி சிஸ்டத்தில் ஓடாது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் பொருத்தம் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை விசாரிக்காமல் பணத்தை விடுகிறார்கள்.

நிறைய நேரத்தைத் தின்பது எந்த ஒயர் ஜோடி என்ற விஷயம்தான். பானசோனிக் கேஎக்ஸ்-டிடிஏ போன்ற சிஸ்டங்களில் இரண்டு வகைப் போனும் ஏற்கும் ஹைப்ரிட் போர்ட்டின் நடு இரண்டு முனைகள் அனலாக் போனுக்கு, வெளிப்புற இரண்டும் டிஜிட்டல் போனுக்கு. அவாயா ஐபி ஆபீஸில் டிஜிட்டல் போனே நடு ஜோடியில்தான் ஓடும். கேட்-5 கேபிளில் நடு ஜோடி என்றால் நீலம். பழக்கதோஷத்தில் நீலத்தை மட்டும் கிரோனில் (ஒயரை அழுத்திச் செருகும் இணைப்புப் பட்டை) அடித்துவிட்டால் பானசோனிக் டிஜிட்டல் போனுக்கு உயிரே வராது. அதன் ஆர்ஜே-11 பிளக்கை (சிறிய போன் பிளக்) ஆர்ஜே-45 சாக்கெட்டில் (எட்டு முனை நெட்வொர்க் சாக்கெட்) செருகும்போது வெளி ஜோடி 3, 6ஆம் முனைகளில் போய் உட்காரும். ஒயர் நிறங்களை அடுக்கும் இரண்டு முறைகளில், டி568பி முறையில் அது பச்சை ஜோடி, டி568ஏ என்றால் ஆரஞ்சு. இதைத் தெரிந்துகொண்டாலே பாதித் தலைவலி குறையும்.

அடுத்தது ஜோடி பிரிந்துபோவது. நீலத்தில் ஒரு ஒயர், ஆரஞ்சில் ஒரு ஒயர் என்று எடுத்தாலும் மீட்டர் பீப் அடிக்கத்தான் செய்யும். ஆனால் முறுக்கிய ஜோடியில் வெளி இரைச்சல் இரு ஒயரிலும் கிட்டத்தட்ட சமமாக ஏறுவதால் கழிந்துவிடும், பிரிந்த ஜோடியில் அப்படிக் கழியாது. பேச்சு நடுவில் அறுபடும், போன் தானாக ரீசெட் ஆகும், பக்கத்து எக்ஸ்டென்ஷனும் கெடலாம். நீளமான ஓட்டத்துக்கு முறுக்கில்லாத தட்டை ஒயர் போட்டாலும் இதே கதிதான். டியூப்லைட், ஏசி இவற்றின் பவர் ஒயர் போகும் பைப்பிலேயே போன் கேபிளையும் இழுப்பது இரைச்சலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

இன்னொரு மேஜைக்கும் வேண்டும் என்று நடுவில் கிளை பிரிக்காதீர்கள். அனலாக்கில் பேரலல் போன் ஓடும். டிஜிட்டலில் ஒரே ஜோடியில் இரண்டு போன்கள் பதில் சொன்னால் தகவல் மோதி இரண்டுமே நின்றுவிடும். போன் இல்லாமல் தொங்கும் பழைய கிளைகூட சிக்னலை எதிரொலித்துக் கெடுக்கலாம். சில மாடல்களில் போனின் பின்பக்க ஜாக் வழியாக இரண்டாவது போன் சேர்க்க முடியும், அதற்கு மேனுவலைப் பாருங்கள்.

வாட்ச்மேன் அறைக்கோ அடுத்த கட்டடத்துக்கோ கேபிள் போனால் இடியிலிருந்து காக்கும் அரெஸ்டரும் சரியான எர்த்தும் இல்லாமல் விடக்கூடாது. ஒரு இடி போதும், ஒரு கார்டு முழுவதும் போக.

கோளாறு வந்தால் நன்றாக ஓடும் ஒரு போனை எம்டிஎஃப்-இலேயே (பெட்டியிலிருந்து வரும் ஒயர்களும் மேஜைகளுக்குப் போகும் கேபிள்களும் சேரும் இடம்) சிறு ஒயரில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் கார்டு சரி, கேபிளைத் தேடலாம். அப்புறம், எம்டிஎஃப்-இல் எக்ஸ்டென்ஷன் எண்ணோடு கார்டு எண்ணையும் போர்ட் எண்ணையும் எழுதி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணை நாளைக்கே யாராவது புரோகிராமில் மாற்றிவிடுவார்கள், ஒயர் போகும் போர்ட் மாறாது.