கார் ரூம் லைட்டுக்கு எல்.இ.டி: அரை மணி நேர வேலை, ஒரு ஃபியூஸ் செலவு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, என் கால் டாக்ஸியில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்க வேண்டிய ஒரு அம்மாவின் கம்மல் திருகாணி பின் சீட்டில் விழுந்துவிட்டது. ரூம் லைட்டைப் போட்டேன். எண்ணெய் தீரப்போகிற அகல்விளக்கு மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம். மூன்று பேர் மூன்று செல்போன் டார்ச்சோடு குனிந்து தேடுகிறோம், பின்னால் நிற்கிற வண்டிக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. திருகாணி கிடைக்கவில்லை. அந்தம்மா கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உள்ளே ஓடினார்.

அதே வாரம் டிரிப் முடித்து வந்த அசதியில் ரூம் லைட்டை அணைக்காமல் படுத்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். கணக்குப் போட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 10 வாட் பல்பு ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். சின்ன கார் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணிதான், அதுவும் மூன்று வருஷம் உழைத்த பேட்டரி. அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி ஒரு வாட், ஒன்றரை வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். அப்போதுதான் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இருபது வருஷமாக கால் டாக்ஸி ஓட்டுகிறேன், எலக்ட்ரீஷியன் வேலை படித்தவன் இல்லை. முதல் தடவை ஒரு ஃபியூஸையும், ஒரு ஜோடி பல்பையும் காவு கொடுத்துத்தான் கற்றேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். கார் பெயரைச் சொல்லி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே காரில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் பல்பு மாறும். உள்ளே பெரும்பாலும் இரண்டு ஜாதிதான் இருக்கும். ஒன்று, நீளமாக, இரண்டு முனையிலும் உலோகக் கூம்பு வைத்தது. ஃபெஸ்டூன் என்பார்கள். கூரை நடுவில் இருக்கிற ரூம் லைட்டில் இதுதான் அதிகம். இன்னொன்று, அடிப்பக்கம் தட்டையான கண்ணாடியாகவே இருக்கிற டி-10. கடைக்காரரிடம் 'பார்க்கிங் பல்பு' என்றால் எடுத்துப் போடுவார். முன்னால் மேப் லைட், பின்னால் டிக்கி லைட் இரண்டிலும் இதைப் பார்க்கலாம்.

டி-10 எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் ஒரே அளவு. ஃபெஸ்டூனில்தான் ஏமாறுவோம். 31, 36, 39, 41 அல்லது 42 மில்லிமீட்டர் என்று நீளம் மாறும். முனையிலிருந்து முனை வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இன்னும் நல்லது, பழைய பல்பையே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது. நீளம் கூடினால் கிளிப் விரிந்து தளர்ந்துவிடும். குறைந்தால் வேகத்தடை ஏறும்போதெல்லாம் கண் சிமிட்டும். பல்பு எவ்வளவு குண்டு என்றும் பார்க்க வேண்டும். எல்.இ.டி பலகை சில சமயம் பழைய கண்ணாடிப் பல்பைவிட அகலமாக இருக்கும், அப்புறம் கவர் மூடாது.

நான் சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். முதல் தடவை ஜோடி 60 ரூபாய். கடைக்காரர் கவுண்டரில் இருந்த பேட்டரியில் தொட்டுக் காட்டினார், பளீரென்று எரிந்தது. ஆறு வாரத்தில் பல்பில் பதித்த குட்டி எல்.இ.டிகளில் பாதி செத்துவிட்டது. அதுவும் வரிசையாக மூன்று மூன்றாக. ஏன் மூன்று என்று பிறகுதான் புரிந்தது. வெள்ளை எல்.இ.டி ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதனால் மூன்றைச் சரமாகக் கோத்து, மிச்ச வோல்ட்டேஜைத் தாங்க ஒரு குட்டி ரெசிஸ்டரை வைத்துவிடுகிறார்கள். சரத்தில் ஒன்று போனால் மூன்றும் அவுட். பேட்டரி 12 வோல்ட்டாக இருக்கும்போது அந்த ரெசிஸ்டர் மேல் 3 வோல்ட்தான் விழும். என்ஜின் ஓடினால் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தருகிறது, அப்போது ரெசிஸ்டர் மேல் 5 வோல்ட். வோல்ட்டேஜ் கொஞ்சம்தான் ஏறியது, கரண்ட்டோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கவுண்டரில் நன்றாக எரிந்த பல்பு காரில் கருகுவது இதனால்தான். பொட்டலத்தில் '9 முதல் 16 வோல்ட்' என்ற மாதிரி போட்டிருந்தால், அல்லது உள்ளே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கிறது என்று சொன்னால், இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

கலர் விஷயத்திலும் ஒரு தப்பு பண்ணினேன். வாங்கியது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்குப் போடுகிற எண்), ஆபரேஷன் தியேட்டர் வெள்ளை. பின் சீட்டில் யாராவது லைட்டைப் போட்டால் முன் கண்ணாடி முழுக்க என் முகமும் பிள்ளையார் பொம்மையும் தெரியும், ரோடு தெரியாது. இப்போது போட்டிருப்பது 4000 கெல்வின். கண்ணை உறுத்தாது, கீழே விழுந்த காசும் தெரிகிறது. பழைய பல்பு நிறமே பிடிக்கும் என்றால் 3000 கேளுங்கள். நிறைய எல்.இ.டி பதித்தது என்று ஆசைப்பட வேண்டாம். கூரை கவருக்குள் காற்றோட்டம் கிடையாது, சூடு போக இடமில்லை.

இனி வேலை. லைட்டை அணைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். எரிந்துகொண்டிருந்த பழைய பல்பு விரலில் தோல் உரிகிற அளவுக்குச் சுடும்.

அடுத்து ரூம் லைட்டின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். இதைத்தான் நான் முதலில் செய்யவில்லை. சுவிட்சை ஆஃபில் வைத்துவிட்டோமே என்ற தைரியம். ஆனால் நிறைய கார்களில் கதவு சுவிட்சும் ரூம் லைட் சுவிட்சும் எர்த் பக்கத்தை, அதாவது கார் தகரத்தோடு சேருகிற மைனஸ் பக்கத்தைத்தான் துண்டிக்கும். பல்பின் ஒரு கிளிப்பில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும். நான் ஸ்க்ரூடிரைவரால் பல்பை நெம்பினேன், அதன் தண்டு பக்கத்துத் தகரத்தைத் தொட்டது, ஒரு சின்னப் பொறி. ரூம் லைட்டோடு சேர்ந்து ஸ்டீரியோவும் ஊமையாகிவிட்டது, இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ கார் புத்தகத்திலோ எது என்று இருக்கும். பிடுங்கியபின் கதவைத் திறந்து, லைட் எரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினாலும் சரிதான், கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.

கவரைக் கழற்றுவதுதான் கை நடுங்கும் இடம். காலாவதியான ஏ.டி.எம் கார்டு ஒன்று போதும். ஸ்க்ரூடிரைவர்தான் இருக்கிறது என்றால் நுனியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கவர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் நகக்கண் அளவு பள்ளம் தட்டுப்படும், அங்கேதான் நுழைக்க வேண்டும். பெரும்பாலும் சுவிட்சுக்கு எதிர்ப்பக்கம். கார்டை உள்ளே விட்டு லேசாகத் திருப்புங்கள், 'டக்' என்று ஒரு லாக் விடும். உடனே இழுக்காதீர்கள். அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அடுத்த லாக் வரை கார்டை நகர்த்துங்கள். பன்னிரண்டு வருஷம் வெயில் தின்ற பிளாஸ்டிக் அது, அவசரப்பட்டால் பல் உடையும். வண்டி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருக்கும், மார்கழி விடியற்காலையில் இந்த வேலை வேண்டாம்.

ஃபெஸ்டூனைக் கழற்ற, ஒரு பக்கக் கிளிப்பை விரலால் வெளியே தள்ளினால் பல்பு தானே கையில் விழும். நடுவில் கண்ணாடியைப் பிடித்து இழுத்தால் கண்ணாடி ஒரு பக்கம், கூம்பு ஒரு பக்கம் வரும். டி-10ஐ நேராக இழுக்க வேண்டும், ஆட்டித் திருகக் கூடாது.

புது பல்பை வைக்கும்போது எல்.இ.டி பதித்த முகம் கீழே, கவரைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் விடும், இது ஒரு பக்கம்தான். வைத்தபின் முனைகளைப் பிடித்து மெதுவாக உருட்டித் திருப்பலாம். கிளிப் தளர்ந்திருந்தால் ஃபியூஸ் இல்லாத இந்த நேரத்திலேயே உள்பக்கமாக லேசாக வளைத்துவிடுங்கள். டி-10 லூஸாக இருந்தால் அதன் அடியில் மடங்கியிருக்கிற இரண்டு கம்பிகளையும் நகத்தால் கொஞ்சம் வெளியே தூக்கினால் போதும்.

கவரை மூடாமல் ஃபியூஸைச் செருகிப் பாருங்கள். எரியவில்லையா? பயப்பட வேண்டாம், பல்பைத் திருப்பிப் போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் எல்.இ.டி எரியாது, கெட்டுப்போகவும் போகாது. எந்தப் பக்கம் போட்டாலும் எரிகிற ரகமும் உண்டு. திருப்பும் முன் ஃபியூஸை மறுபடி எடுக்க மறக்காதீர்கள். பிறகு சுவிட்சின் மூன்று நிலையையும், நாலு கதவையும், டிக்கியையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் பத்து நிமிஷம் எரியவிட்டு, விரலைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, தொட முடியாமல் சுட்டாலோ அந்தப் பல்பு உங்கள் கூரைக்கு வேண்டாம்.

ராத்திரி எல்லாம் அணைத்துப் பூட்டியபின்னும் மின்மினி மாதிரி லேசாக எரிகிறது என்று ஒரு நண்பர் என்னிடம் வந்தார். புதிய கார்களில் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் வழியாகச் சொட்டுக் கரண்ட் கசியும். பழைய பல்புக்கு அது தெரியவே தெரியாது, எல்.இ.டிக்குப் போதும். 'கேன்பஸ்' என்று எழுதிய பல்பு வாங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். இல்லாவிட்டால் 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பல்புக்குப் பக்கவாட்டில் இரண்டு முனைக்கும் சேர்த்து இணைத்து, கால்களை இன்சுலேஷன் டேப்பால் மூடலாம். இன்டிகேட்டருக்கு விற்கிற தங்க நிற 50 வாட் ரெசிஸ்டரை மட்டும் யார் கொடுத்தாலும் கூரைக்குள் வைக்காதீர்கள். அது இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும்.

மீட்டர் போர்டு பல்பில் நான் கை வைக்கவில்லை. அதற்கு ஸ்டீயரிங் பக்கமெல்லாம் பிரிக்க வேண்டும், ஏர்பேக் இருக்கிற இடம். கண்ணாடி ஓரத் தூணில் ஒயர் ஓட்டிக் கலர் லைட் போடச் சொல்வார்கள், அங்கே திரை ஏர்பேக் இருக்கிற வண்டிகள் உண்டு, அதையும் தொடவில்லை.

கழற்றிய பழைய பல்புகளும், ஒரு உதிரி ஃபியூஸும் இப்போது ஒரு மாத்திரை டப்பாவில் டேஷ்போர்டுக்குள் இருக்கின்றன. லைட் மாற்றிய மறுநாள் பின் சீட்டைத் துடைத்தபோது பெல்ட் பக்கிளுக்கு அடியிலிருந்து ஒரு ஹேர்பின், இரண்டு ஒரு ரூபாய், பாதி தின்ற கடலை மிட்டாய் கிடைத்தன. திருகாணியை இன்னும் காணோம்.