தேயிலைத் தோட்டத்தில் பயிற்சி வைத்தால்: போவதற்கு முன்பும் வந்த பிறகும்

பயிற்சிக்கு உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தவுடன், அந்த நாளுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், உண்டா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எப்படிப் பதிவார்கள், கொழுந்துக் கிலோ கணக்கு அன்றைக்குப் பார்ப்பார்களா, அரைநாள் வகுப்பென்றால் மிச்ச நேரத்துக்கு மலைக்கு ஏறவேண்டுமா என்று எல்லாவற்றையும் முந்தைய நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற யோசனையோடு உட்கார்ந்தால் பாடம் காதில் ஏறாது.

அடுத்தது, உங்கள் வேலையில் அடிக்கடி தகராறு பண்ணும் ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, அதை எண்ணோடு எழுதிக்கொண்டு போங்கள். கொழுந்தைக் காயவைக்கும் மெஷினைப் பற்றி “டிரையர் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் பயிற்றுநரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார். “உள்ளே போகும் காற்று 95 பாகை செல்சியஸ், வெளியேறும் காற்று 45 பாகை, தூள் மந்தமாக இருக்கிறது” என்று சொன்னால் அவர் உடனே காரணத்துக்கு வருவார். வெளியேறும் காற்றின் சூடு குறைந்தால் கொழுந்து காய்வதற்குப் பதிலாக அவிந்துபோகும். அந்தச் சூடு அளவுக்கு மீறினால் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்; பெட்டியில் கிடந்த பிறகுதான் அது காட்டிக்கொடுக்கும். வழக்கமான டிரையரில் வெளியேறும் காற்று 50 பாகையை ஒட்டியும், கீழே விழும் தூளின் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டியும் இருக்கவேண்டும். உங்கள் டயல் ஃபாரன்ஹைட் என்றால் அதையும் சொல்லுங்கள்: 95 செல்சியஸ் என்பது 203 ஃபாரன்ஹைட். அலகு மாறியதால் குழம்பிய குறிப்புகள் கொஞ்சமில்லை.

மொழிப் பிரச்சினையை வகுப்புக்குள் போய்த் தீர்க்க முடியாது. பயிற்றுநர் சிங்களத்தில் பேசி, திரையில் ஆங்கிலம் ஓடும் வகுப்புகள் மலையகத்தில் சாதாரணம். அழைப்பு வரும்போதே தமிழ்க் கையேடு கேளுங்கள். இல்லையென்றால் இருக்கும் தாளையாவது ஒருநாள் முன்னதாக வாங்கி, வீட்டில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் வருவாரென்றால், நன்றாகச் சிங்களம் பேசுகிறவரைவிட உங்கள் வேலை தெரிந்தவரைப் பிடிப்பது நல்லது. நாலு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தும்படி பயிற்றுநரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்வரிசையில் குசுகுசுவென்று மொழிபெயர்த்தால் சொல்கிறவருக்கும் பாதி போகும், கேட்கிறவருக்கும் பாதி போகும். விளங்காமல் தலையாட்டுவதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். தலையாட்டலைப் பார்த்துத்தான் பயிற்றுநர் அடுத்த பாடத்துக்குப் போகிறார்.

உட்காரும் இடமும் பாடத்தைத் தீர்மானிக்கும். துரைமாரும் உத்தியோகத்தர்களும் முன்னால், கொழுந்தெடுக்கும் பெண்கள் கடைசியில் என்ற வழக்கம் செய்முறை நேரத்திலும் தொடர்ந்தால், அந்த வேலையைச் செய்யப்போகிற கைக்கு எதுவும் போய்ச் சேராது. செய்முறை தொடங்கியதும் எழுந்து முன்னால் வாருங்கள். சாமானைக் கையில் வாங்கி ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

மருந்தடிக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீற்றர், அகலம் 10 மீற்றர் என ஓர் இடத்தை அளந்து, டாங்கியில் வெறும் தண்ணீரை ஒரு கோடுவரை நிரப்பி, வழக்கமான நடையில் அடிக்கச் சொல்வார்கள். முடிந்ததும், அதே கோடுவரை மீண்டும் நிரப்ப எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று அளப்பார்கள். அதை 100ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டெயருக்கான தண்ணீர். 4.5 லீற்றர் பிடித்தால் 450 லீற்றர். லேபிளில் ஹெக்டெயருக்கு 1 லீற்றர் மருந்து என்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 16 லீற்றர் டாங்கிக்கு ஏறத்தாழ 36 மில்லிலீற்றர் வரும்.

இந்த 36ஐ மட்டும் எழுதிக்கொண்டு வருவதில்தான் தவறு. பயிற்சி நடந்தது ஆபீசுக்குப் பக்கத்தில், சமதரையில். உங்கள் மலையோ சரிவு. கானை (வடிகாலை) தாண்டிக் கால் வைக்கவேண்டும், நடை மெதுவாகும். அங்கே அதே அளவு இடத்துக்கு 6 லீற்றர் போனால், ஹெக்டெயருக்கு 600 லீற்றர். டாங்கிக்கு 27 மில்லிலீற்றரே போதும். பழைய 36ஐயே கலந்தால் மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடுதலாக விழும். ஆகவே கொப்பியில் எழுதவேண்டியது அளக்கும் முறை. விடையை உங்கள் மலையில், அடிக்கப்போகிறவரே நடந்து, இரண்டு முறை பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

எந்த எண்ணைச் சொன்னாலும் “இது எந்தப் பக்கத்துக்கு, எந்த மாதத்துக்கு?” என்று கேளுங்கள். டிம்புள்ள பக்கம் தரமான தேயிலை விழுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று வீசும்போது. அதே ஜூலையில் டிம்புள்ள இருக்கும் மேற்குச் சரிவில் மழை விடாது. வெயில் நாளில் கொழுந்து வாட எடுக்கும் நேரத்தை வைத்து மழை நாளில் வாட்டினால், இலையை உருட்டும் ரோலருக்குப் பச்சையாகவே போகும். சந்தேகம் தீரவில்லையென்றால், சொன்ன விஷயம் எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று கேட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆலோசனைச் சுற்றறிக்கைகள் வெளியிடுகிறது. ஊவாக்காரர்களுக்குப் பசறையில் அதன் கிளை உண்டு.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். ஐந்தாறு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. மெஷின் சம்பந்தப்பட்டதென்றால் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொல்லாமல் கை வைக்கவேண்டாம். பிறகு கெட்ட தூளுக்கெல்லாம் உங்கள் தலைதான் உருளும். மாற்றத்துக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள் எண்களை எழுதிக் காட்டினால் அவருக்கும் மறுக்க முடியாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, கற்றதை மற்றவர்களுக்குச் செய்து காட்டுங்கள். எங்கே உங்களுக்கே விளங்கவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

சான்றிதழ் தந்தால் அதில் பாடத்தின் பெயர், திகதி, எத்தனை மணித்தியாலம், நடத்திய நிறுவனம் ஆகியவை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். “பங்குபற்றினார்” என்று மட்டும் எழுதிய தாளால் பெரிய பயனில்லை. பல வருடம் ஒரே வேலை செய்தவர்கள், பாடநெறிக்குப் போகாமலே முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு; 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மதிப்பீட்டாளர் வரும்போது ஆதாரம் கேட்பார். தோட்டத்திலிருந்து சேவைக் கடிதம், வேலை செய்யும் படங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள், அந்த எண்கள் எழுதிய கொப்பி என எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.