மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு: வீட்டில் நடக்கும் தவறுகள்

மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரைப் பார்க்க முதல் வாரம் ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வரிசையாக வரும். மூன்றாவது வாரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தோட்டத்துச் சாளை வீட்டில் கட்டிலும் டிவியும்தான் மிச்சம். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. அதை வளர்ப்பதில் வீட்டாரின் அக்கறைக்கும் பங்குண்டு.

‘நீங்க சும்மா உக்காருங்க’ என்பதுதான் பெரிய தவறு. கொங்குப் பக்கம் பல சாளைகளுக்கு அடுத்த வீடே கூப்பிடு தூரத்தில் கிடையாது. விடியக்காலை பால் கறந்து பால் சொசைட்டிக்குப் போய்வந்தவருக்கு அந்த வேலையை நிறுத்தினால் பேச்சுத்துணையும் சேர்ந்தே நின்றுவிடும். கேனைப் பேரன் தூக்கட்டும். அட்டையில் அளவு பதிவதைப் பார்த்து, நாலு பழமை பேசிவர அவரே போகட்டும். டாக்டர் சரி என்றதும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து பத்து நிமிட நடையில் தொடங்கி, சில வாரங்களில் 30 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். மூட்டை தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

பெண்களுக்கு இது தலைகீழ். மாரடைப்பு வந்த அம்மாவைப் பத்தாம் நாளே அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, ‘வீட்டுலதான இருக்காங்க’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, அறிகுறியைத் தவறவிடுவது. நம்ம ஊர் ஆட்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அபூர்வம். ‘ஒடம்பு அசதியா இருக்குதுங்க’, ‘சோறு எறங்கலீங்க’, ‘ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துருதுங்க’ என்பார்கள். வயசாச்சு என்று தள்ளாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் போனதா? அந்த நாட்களில் பாதிக்கு மேல் அப்படி இருந்தது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதேபோல அசதி தரும் என்பதால் அவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கத் தரும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளாலும் அசதி வரலாம். அதற்காக நீங்களே நிறுத்தக் கூடாது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இன்னொரு தவறு. அல்பிரசோலம் மனச்சோர்வைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். மாரடைப்பு நோயாளிகளிடம் நன்றாகச் சோதிக்கப்பட்ட மனச்சோர்வு மாத்திரை செர்ட்ரலின். பெரும்பாலும் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் ‘ஒண்ணும் கேக்கலை’ என்று நிறுத்துவதால்தான் பலருக்குச் சிகிச்சை வீணாகிறது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு சேரும்போது ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம். மலம் கறுத்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

மனசு தெளிந்தால் இதயமும் சரியாகிவிடும் என்று இதய மாத்திரையில் கைவைப்பவர்களும் உண்டு. 2003இல் வெளியான, 2,481 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், பேச்சு சிகிச்சை மனச்சோர்வையும் தனிமையையும் ஓரளவு குறைத்தது. மரணத்தையும் மறு மாரடைப்பையும் குறைக்கவில்லை. ஆகவே இரண்டு வைத்தியமும் வேண்டும். குளோபிடோக்ரலை இடையில் விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் போனில் ‘மாத்திரை போட்டீங்களா’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடக் கூடாது. தென்னைக்குத் தண்ணி பாய்ந்ததா, சந்தையில் தேங்காய் என்ன விலை என்று கேட்டால் அவரும் நாலு வார்த்தை பேசுவார். வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்தில் கூப்பிட்டால் அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார்.

‘இருந்து என்ன பண்றது’ என்ற பேச்சு வந்தால் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து டப்பாக்களை அன்றைக்கே சாளையை விட்டு அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இரவிலும் தமிழில் பேசலாம். நெஞ்சுவலி திரும்ப வந்தால் மனக்கவலை என்று நினைத்து உட்காராமல் 108ஐ அழையுங்கள்.