தலையில அடிபட்ட அப்புறம் பார்வை படுத்துதா? தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

ஸ்கேன்ல ஒன்னும் இல்ல, கண் டாக்டர் சுவர்ல இருக்கற எழுத்த படிக்கச் சொன்னாரு, கடைசி வரி வரைக்கும் படிச்சாச்சு, 6/6னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. ஆனா வீட்டுக்கு வந்து பேப்பர எடுத்தா கொஞ்ச நேரத்துல வரியெல்லாம் மிதக்குது, பஸ்ல உக்காந்தா குமட்டுது, டியூப்லைட்ட பார்த்தாலே மண்டை வலிக்குது. பைக்ல இருந்து விழுந்தவங்க, மாடிப்படில சறுக்கினவங்கன்னு நிறைய பேருக்கு இது நடக்குது, வீட்ல சொன்னா "அதான் டாக்டரே கண்ணு நல்லாருக்குன்னுட்டாரே"ம்பாங்க. எனக்கும் ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் இதே கதைதான்.

விஷயம் என்னன்னா அந்த சார்ட் தூரத்துல அசையாம இருக்கற எழுத்து தெளிவா தெரியுதான்னு மட்டும்தான் பார்க்கும். ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்த பிடிக்குதா, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஃபோகஸ் மாறுதா, ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு கண்ணு சரியா தாவுதா, பக்கவாட்டுல எவ்ளோ தெரியுது, இதெல்லாம் மூளை பண்ற வேலை, அத அந்த சார்ட் தொடவே தொடாது.

முதல்ல அவசரமான விஷயம். தலைவலி ஏறிட்டே போகுது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க, ஒரு கண்ணோட பாப்பா மட்டும் பெருசா இருக்கு, இமை திடீர்னு தொங்குது, திரை இழுத்த மாதிரி பார்வை மறையுது, இதுல எது வந்தாலும் மேற்கொண்டு படிக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க.

அது இல்லைன்னா உங்களுக்கு எந்த மாதிரி பிரச்சனைன்னு பிரிச்சுப் பாருங்க. ரெட்டை ரெட்டையா தெரிஞ்சா ஒரு கண்ண மூடுங்க, அப்புறம் அத தொறந்துட்டு இன்னொன்ன மூடுங்க. எந்தக் கண்ண மூடினாலும் ரெட்டை போயிடுதுன்னா ரெண்டு கண்ணும் ஒரே நேர்ல நிக்கலைன்னு அர்த்தம். ஒரு கண்ண மூடியும் ரெட்டையாவே இருந்தா கோளாறு பெரும்பாலும் தொறந்திருக்கற கண்ணுலயோ கண்ணாடி பவர்லயோதான். பக்கத்துல பக்கத்துல ரெண்டா தெரிஞ்சு, தூரத்துல பார்க்கும்போது அதிகமாச்சுன்னா கண்ண வெளிப்பக்கமா திருப்பற ஆறாவது மூளை நரம்போட கோளாறா இருக்கலாம். மேலயும் கீழயுமா ரெண்டா தெரிஞ்சு, படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசமாகி, தெரியாமலே கழுத்த ஒரு பக்கம் சாய்ச்சு வெச்சுக்கறீங்கன்னா கண்ண கீழ பார்க்க வைக்கற நாலாவது மூளை நரம்போட கோளாறா இருக்கலாம், தலையில அடிபட்டா மாட்டிக்கற நரம்பு அது. தூரம் நல்லா தெரியுது, படிச்சா மட்டும் எழுத்து ஒட்டிக்குது, கண்ணு இழுக்குதுன்னா கிட்டத்துல ரெண்டு கண்ணும் உள்பக்கமா சேர முடியாம திணறுது, இது ரொம்ப சாதாரணமா வர்றது. ஒரே பக்கத்துல கதவுல இடிக்கறது, தட்டுல ஒரு பக்கத்து சாதம் அப்படியே மிச்சம் இருக்கறதுன்னா பக்கவாட்டுல எவ்ளோ தெரியுதுன்னு அளக்கற ஃபீல்டு டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும்.

இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. "கண்ணு சரியா தெரியல டாக்டர்"னு சொன்னா மறுபடி சார்ட்தான். கண்ணையும் மூளையையும் சேர்த்துப் பார்க்கற நியூரோ ஆஃப்தால்மாலஜின்னு தனிப் பிரிவு இருக்கு, சென்னைல சங்கர நேத்ராலயா, மதுரைல அரவிந்த் மாதிரி பெரிய இடங்கள்ல கேட்டுப் போங்க.

ரெட்டைப் பார்வைக்கு உடனே பண்ணக்கூடியது, கண்ணாடில ஒரு பக்கத்துல மங்கலான டேப் ஒட்டிக்கறது. கருப்புத் துணி கட்டறதவிட இது பரவால்ல, வெளிச்சம் உள்ள வரும், பார்க்கவும் கொள்ளைக்காரன் மாதிரி இருக்காது. ரெண்டா தெரியறத ஒன்னா சேர்க்க கண்ணாடில ஸ்டிக்கர் மாதிரி ஒட்டற ஃப்ரெனெல் ப்ரிசமும் டாக்டர் எழுதிக் குடுப்பாங்க, கோணம் மாற மாற அதையும் மாத்திக்கலாம். நரம்பு தானாவே தேறுறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கறதால ஆபரேஷனுக்கு பெரும்பாலும் ஆறு மாசம் மாதிரி பொறுத்துப் பார்ப்பாங்க, இழுத்தடிக்கறாங்கன்னு நினைக்காதீங்க. ஒரு கண்ண மறைச்சா ஆழம் தப்பாத்தான் தெரியும், அதனால வெந்நீர் ஊத்தும்போது பாத்திரத்த டம்ளர் விளிம்புல தொட வெச்சுட்டு ஊத்துங்க, படில கைப்பிடிய விடாதீங்க. ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (மேல தூரத்துக்கும் கீழ படிக்கறதுக்கும் ஒரே கண்ணாடில பவர் இருக்கறது) போடறவங்க கொஞ்ச நாளைக்கு தூரத்துக்கு ஒன்னு, படிக்க ஒன்னுன்னு தனித்தனியா வெச்சுக்க முடியுமான்னு கேளுங்க, படி இறங்கும்போது கீழ் பாதில பார்த்து தடுமாறுறது குறையும்.

வெளிச்சம் ஆகலைன்னு வீட்டுக்குள்ளயே கூலிங் கிளாஸ் போட்டுட்டு உக்காந்துடாதீங்க. கண்ணு இருட்டுக்கே பழகிடும், அப்புறம் சாதா வெளிச்சமும் குத்தும். மத்தியான வெயிலுக்குப் போடுங்க, வீட்டுக்குள்ள தொப்பி போதும், இல்லைன்னா எஃப்எல் 41னு ரோஸ் கலர் டின்ட் இருக்கு, அத டாக்டர்கிட்ட கேளுங்க. நம்ம வீடுங்கள்ல பெரிய வில்லன் ஃபேன்தான், லைட்டுக்குக் கீழ ஃபேன் சுத்தினா ரூம் முழுக்க வெட்டி வெட்டி நிழல் விழும், நல்லா இருக்கறவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது, நமக்கு அரை மணி நேரத்துல தலை சுத்தும். அந்த லைட்ட அணைச்சுட்டு சுவரோரமா வேற ஒன்னு போடுங்க, பழைய சோக் டியூப்லைட் மினுக்கும், அதையும் மாத்திடுங்க.

கூட்டம் அடுத்த தலைவலி. ரங்கநாதன் தெரு மாதிரி இடத்துல நாலாபக்கமும் எல்லாம் அசையும், கண்ணு சொல்றதும் காது சொல்ற பேலன்ஸும் ஒத்துப்போகாம மயக்கம் மாதிரி வரும். கடை தொறந்ததும் போங்க, லிஸ்ட் எழுதிட்டுப் போங்க, கடைல குடுக்கற தள்ளுவண்டிய பிடிச்சுக்கங்க, சுத்த ஆரம்பிச்சா தூரத்துல அசையாத ஒரு பொருள பாருங்க. அதுக்காக வெளியவே போகாம இருட்டு ரூம்ல வாரக்கணக்குல படுக்கறதும் வேண்டாம், சாதாரண கன்கஷனுக்கு, அதாவது தலையில அடிபட்டு மூளை குலுங்கினதுக்கு, முதல் ஒன்னு ரெண்டு நாள் மட்டும் ஸ்கிரீன குறைச்சு ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேலைய கூட்டணும்னுதான் இப்ப சொல்றாங்க.

படிக்கறதுக்கு ஒரு அட்டைல ஒரு வரி மட்டும் தெரியற மாதிரி ஜன்னல் வெட்டி வெச்சுக்கங்க. இடது பக்கம் தெரியாதவங்களுக்கு வரியோட ஆரம்பம் காணாமப் போகும், இடது ஓரத்துல சிவப்பு கோடு போட்டுட்டு அது கண்ணுல படற வரைக்கும் தேடிட்டு படிக்கணும். வலது பக்கம் தெரியாதவங்களுக்கு அடுத்து வர்ற வார்த்தையே தெரியாது, நம்ம தமிழ் வார்த்தை நீளத்துக்கு அது இன்னும் கொடுமை, எழுத்த பெருசாக்கி ஸ்கேல் வெச்சு மெதுவாத்தான் போகணும். போன்ல அனிமேஷன ஆஃப் பண்ணுங்க, ஸ்க்ரோல் பண்றத குறைங்க, தமிழயே சத்தமா படிச்சுக் காட்டற வசதி போன்லயே இருக்கு. வலி வந்தப்புறம் நிறுத்தறதுக்கு பதிலா அலாரம் வெச்சு முன்னாடியே நிறுத்துங்க, இது ஒன்னுதான் எனக்கு ஆபீஸ் போக வழி பண்ணுச்சு.

யூட்யூப்ல பென்சில மூக்குகிட்ட கொண்டு வர்ற பயிற்சி காட்டுவாங்க. டாக்டர் பார்க்காம ஆரம்பிக்காதீங்க, எல்லா ரெட்டைப் பார்வைக்கும் அது மருந்து கிடையாது. அமெரிக்கால இந்த கண்ணு சேராத பிரச்சனை இருக்கற பசங்கள வெச்சுப் பண்ணி 2008ல வந்த ஆய்வுலயே வெறும் பென்சிலவிட கிளினிக்ல உக்கார வெச்சுக் குடுத்த தெரபிதான் நல்லா வேலை செஞ்சுது.

ரெட்டைப் பார்வையோ ஒரு பக்கம் தெரியாததோ இருந்தா வண்டி வேண்டாம், தெருமுனை டீக்கடைக்குக் கூட வேண்டாம். டாக்டர் ஃபீல்டு பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் சாவிய தொடணும்.

ஆக்சிடென்ட் கேஸ் நடக்குதுன்னா எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியா ஃபைல் பண்ணுங்க, ஸ்கேன் நார்மல்னா "உங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பாரு, அப்ப ஃபீல்டு டெஸ்ட் பேப்பர்தான் பேசும். மெஷின்ல இருந்து வர்ற சின்ன துண்டு சீட்டு கொஞ்ச நாள்ல மங்கிடும், அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க.