குளிர் நீரில் கயாக் ஓட்ட எந்தக் காலணி?

ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஊட்டிப் பக்கத்து ஏரித் தண்ணீரில் கை வைத்தாலே விரல் மரத்துப்போகும். கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஏறவும் இறங்கவும் அந்தத் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்த பிறகும் துடுப்பிலிருந்து வழியும் நீர் காலடியில் தேங்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். அதனால் காலணியைப் பார்த்து வாங்குங்கள்.

1. கம்பூட்ஸ் வேண்டாம்

தேயிலைத் தோட்டத்துச் சேற்றுக்கும் அட்டைக்கும் கம்பூட்ஸ் எனும் உயரமான ரப்பர் பூட்ஸ் அருமையான பொருள். நீலகிரியில் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் முழங்காலளவு நீரில் இறங்கினால் மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து அப்படியே நிற்கும். கயாக் கவிழ்ந்தால் அதோடு கால் உதைத்து நீந்துவது கஷ்டம், கரையேறுவது அதைவிடக் கஷ்டம். பெட்டியில் ‘நீர் புகாதது’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. நனைந்தாலும் கதகதப்பு இருக்குமா, போட்டுக்கொண்டு நீந்த முடியுமா என்று பாருங்கள்.

2. நியோப்ரீன் பூட்டீஸ்

நியோப்ரீன் ஒருவகைச் செயற்கை ரப்பர், பூட்டீஸ் அதில் செய்த, காலை ஒட்டி நிற்கும் பூட்ஸ். இந்த ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் இருக்கும், அவைதான் குளிரைத் தடுக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். வந்தது தோலை ஒட்டி மெல்லிய படலமாக நின்று உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். மிதமான குளிருக்கு 3 மி.மீ. தடிமன் போதும், உறைபனிக் காலைக்கு 5 மி.மீ. வாங்குங்கள். கணுக்காலுக்கு மேல் ஏறுவதாக இருக்கட்டும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால் நல்லது.

3. அளவு

இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தளர்வாக இருந்தாலோ உள்ளே புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், பருத்தி வேண்டாம். விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும்.

4. சோலும் கட்டும்

பாசி பிடித்த பாறையில் வழுக்காத ரப்பர் சோல் அவசியம். ரொம்பத் தடியாக இருந்தால் கயாக்கின் கால்மிதியில் (உள்ளே பாதம் ஊன்றும் இடம்) பாதம் சரியாக உட்காராது. லேஸ் வேண்டவே வேண்டாம். கவிழும் நேரத்தில் அது கால்மிதியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. வெல்க்ரோ பட்டையே போதும்.

5. வாளிச் சோதனை

இரவு முழுக்க வெளியே வைத்த வாளித் தண்ணீரில் காலணியோடு 15 நிமிடம் நில்லுங்கள். விரல் மரத்துப்போனால் இன்னும் தடிமனானது தேவை. அப்புறம், நீந்த அனுமதியுள்ள ஆழமில்லாத இடத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டு, துணைக்கு ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு நீந்திப் பாருங்கள்.

6. காயவைப்பது

நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும். தென்மேற்குப் பருவமழை நாட்களில் ஊட்டியில் எதுவும் லேசில் காயாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். மறுநாளும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இன்னொரு ஜோடி கம்பளி சாக்ஸை நீர் புகாத பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.