புது கார் வாங்குறீங்களா, ஏஎம் ரேடியோ இருக்கான்னு நீங்களே செக் பண்ணிக்குங்க

அமெரிக்காவுல கார் வாங்கப் போறவங்களுக்கு மட்டும் இது. "எல்லா புது கார்லயும் ஏஎம் ரேடியோ கட்டாயம்னு சட்டம் வந்துடுச்சாமே"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், அதை நம்பி ஒரு இவி (எலக்ட்ரிக் கார்) புக் பண்ணவும் கிளம்பிட்டான், அவன உக்கார வச்சு சொன்னதத்தான் எழுதுறேன்.

சட்டம் வந்துடுச்சுன்னு யார் சொன்னாலும் அப்படியே நம்பிடாதீங்க. 2023 மே மாசம் செனட்டர் எட் மார்க்கியும் டெட் க்ரூஸும் சேர்ந்து கொண்டு வந்த பில்லு அது (ஒருத்தர் டெமாக்ரட், ஒருத்தர் ரிபப்ளிகன், இவங்க ஒத்துப் போனதே பெரிய விஷயம்), அந்த காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தோட ரெண்டு வருஷக் காலம்) முடிஞ்சதும் அதுவும் செத்துப் போச்சு, 2025 ஆரம்பத்துல திரும்பவும் போட்டாங்க, பில் நம்பர் செனட்ல எஸ் 315, ஹவுஸ்ல ஹெச்ஆர் 979. ரெண்டு சபையிலயும் கமிட்டி தாண்டிச்சு, ஆனா கமிட்டி தாண்டுறது வேற ஜனாதிபதி கையெழுத்து வேற. அதுக்கப்புறமும் போக்குவரத்துத் துறை ரூல்ஸ் எழுதணும், கம்பெனிங்களுக்கு டைம் குடுக்கணும். அதனால இன்னைக்கு டீலர்கிட்ட நிக்கிற காருக்கு இந்தப் பில்லு ஒண்ணும் பண்ணாது.

கார் கம்பெனிங்க இவில ஏஎம்ம ஏன் தூக்குறாங்கன்னா, மோட்டார ஓட்டுற இன்வெர்ட்டர் போடுற எலக்ட்ரிக்கல் சத்தம் சரியா ஏஎம் பேண்ட்ல, அதாவது 530ல இருந்து 1700 கிலோஹெர்ட்ஸ்குள்ள வந்து விழும், எஃப்எம்முக்கு அவ்வளவு பிரச்சனை இல்ல. ஷீல்டிங் (இரைச்சல் வெளிய வராம தடுக்கிற உறை) போட்டா அடக்கலாம், காசு ஆகும், அதான் விஷயம். டெஸ்லா, பிஎம்டபிள்யூ, வோல்வோ, ரிவியன்னு 8 கம்பெனிங்க இவில எடுத்துட்டதா, மார்க்கி கேட்டதுக்கு பதில் குடுத்தாங்க. ஃபோர்டும் அதுல ஒண்ணு, ஆனா பில்லு வந்த கொஞ்ச நாள்லயே மனசு மாறி, 2023 இவிங்களுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்லயே ஏஎம் திரும்பத் தர்றோம்னாங்க, அப்ப உள்ள ட்யூனர் (ஸ்டேஷனப் புடிக்கிற பாகம்) இருந்திருக்குன்னுதானே அர்த்தம்!

சரி, டீலர்ஷிப்ல என்ன பண்ணணும். மொதல்ல ஜன்னல்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஏஎம்-எஃப்எம்னு சேர்த்துப் போட்டிருக்கான்னு பாருங்க, வெறும் எஃப்எம், சாட்டிலைட்டுன்னு இருந்தா உஷாராகிடுங்க. அதே மாடல் பெட்ரோல் வண்டில இருக்கும், இவில இருக்காது, அதனால நீங்க வாங்கப் போற அதே வண்டியத்தான் பார்க்கணும்.

அடுத்தது சேல்ஸ் ஆளு காட்டுற ஆப். எனக்கு ஒருத்தர் ஸ்க்ரீன்ல 820ன்னு தட்டி டபிள்யூபிஏபி (டல்லாஸ் பக்கத்து ஏஎம் ஸ்டேஷன்) ஓட விட்டு "இதோ சார் ஏஎம்"னாரு, குவாலிட்டி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அங்கதான் சந்தேகம் வந்துச்சு, காரோட வைஃபைய ஆஃப் பண்ணி போன் ப்ளூடூத்தையும் கட் பண்ணினேன், சத்தம் பொசுக்குன்னு நின்னுடுச்சு. அது இன்டர்நெட் ஸ்ட்ரீமிங், ரேடியோ கிடையாது. செல்போன் டவர் போனா அதுவும் போயிடும். 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல பனிப்புயல்ல கரன்ட் போனப்ப எங்க தெருவுல போன்ல ஒரு பார் கூட இல்ல, ஆளாளுக்கு கார்ல உக்காந்துதான் நியூஸ் கேட்டோம் (பெட்ரோல் வண்டிய கராஜ் உள்ள ஸ்டார்ட் பண்ணி வச்சுக் கேக்காதீங்க, அந்தப் புகைல நிறைய பேர் ஆஸ்பத்திரி போனாங்க). அதனால நெட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஸ்டேஷன் வருதான்னு பாருங்க, அதுதான் டெஸ்ட்.

வருதுன்னா டெஸ்ட் டிரைவ்ல ஓட்டிப் பாருங்க. நிக்கும்போது நல்லா கேக்கும், ஆக்சிலரேட்டர மிதிச்சா கூடவே "ஙொய்ய்"னு ஏறும், கால எடுத்தா இறங்கும், அப்படின்னா ஷீல்டிங் சுமார்தான். பக்கத்து ஸ்டேஷன் மட்டும் வச்சுப் பார்க்காதீங்க, அது எதையும் அமுக்கிடும், கொஞ்சம் வீக்கானதா வைங்க. முடிஞ்சா இருட்டினப்புறம் போங்க, ராத்திரி ஏஎம் அலை வானத்துல பட்டுத் திரும்பும், டல்லாஸ்ல இருந்துகிட்டே நியூ ஆர்லியன்ஸ் 870, நாஷ்வில் 650 எல்லாம் புடிக்கலாம், அது வந்தா ஆன்டெனா சூப்பர். இன்னொண்ணு, டேஷ்கேம், மலிவு யூஎஸ்பி சார்ஜர் இதெல்லாமும் அதே மாதிரி இரைச்சல் போடும், கார குறை சொல்றதுக்கு முன்னாடி புடுங்கிட்டுக் கேளுங்க.

பில்லு பாஸாகணும்னு நினைச்சா 202-224-3121க்கு (அமெரிக்க நாடாளுமன்றத்தோட பொது போன் நம்பர்) போன் போட்டு உங்க ஜிப் கோட சொல்லுங்க, உங்க தொகுதி ஆபீஸுக்கு கனெக்ட் பண்ணுவாங்க, பில் நம்பரச் சொல்லி ஆதரவுன்னு ஒரு வரி, ரெண்டு நிமிஷம் வேலை. சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, ஹெச்1பில இருக்கிறவங்களும் பண்ணலாம். போன்லதான் அவசர அலர்ட் வருதே எதுக்கு ரேடியோன்னு கார் கம்பெனிங்க சொல்ற வாதம் எனக்கு ஒத்து வரல, டவர் போனா போனும் போயிடும்னு மேலயே சொல்லிட்டேன்.

ஏற்கனவே ஏஎம் இல்லாத கார் வாங்கிட்டீங்கன்னா பேட்டரில ஓடுற, கைல சுத்துற சின்ன ரேடியோ ஒண்ணு வாங்கி டிக்கில போட்டுடுங்க. கார் உள்ள வச்சா தகரம் சிக்னல மறைக்கும், ஜன்னல் ஓரமா வச்சு மெதுவா திருப்புங்க, அதோட ஆன்டெனா உள்ள இருக்கிற ஒரு கம்பி சுத்துன குச்சி, எந்தப் பக்கம் பார்த்து நிக்குதோ அதப் பொறுத்துதான் கேக்கும். பேட்டரிய மட்டும் கழட்டி தனியா கவர்ல போட்டு வைங்க, டெக்சாஸ் வெயில்ல டிக்கில கசிஞ்சு என்னோடது ஒண்ணு போயே போச்சு.