ஸ்போர்ட்ஸ் இருந்தா ஹார்வர்டுல சீட்டா? கோச் லிஸ்ட்ல பேரு வர்றதுக்கு என்ன பண்ணணும்

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஸ்கூல் டீம்ல ஆடுறது வேற, காலேஜ் கோச் அவங்க டீமுக்குன்னு உங்கள ரெக்ரூட் பண்றது, அதாவது தேர்ந்தெடுக்கிறது வேற. ஹார்வர்டு மேல போட்ட கேஸ்ல வெளிய வந்த டேட்டாவ பாத்தா, ரெக்ரூட் ஆன பசங்கள்ல சுமார் 86% பேருக்கு அட்மிஷன் கிடைச்சிருக்கு, எந்த சலுகையும் இல்லாம அப்ளை பண்ணவங்கள்ல 6% கூட தேறல. அதாவது கோச் உங்க பேர அட்மிஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாதான் ஸ்போர்ட்ஸ் பெருசா கை குடுக்கும், இல்லன்னா மெடல் எவ்ளோ இருந்தாலும் அப்ளிகேஷன்ல அது ஒரு வரி, அவ்ளோதான்.

அதனால கோச்சுக்கு நீங்களே மெயில் போடணும். அவங்க தேடி வருவாங்கன்னு உக்காந்திருக்காதீங்க. பெரும்பாலான விளையாட்டுல டிவிஷன் ஒன் (அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல டாப் லெவல்) கோச்சுங்க பத்தாவது முடிஞ்ச ஜூன் 15-க்கு அப்புறம்தான் பதில் போட முடியும், ஆனா நீங்க அதுக்கு முன்னாடியே எழுதலாம். எங்க அண்ணன் பொண்ணு ஸ்விம்மிங், மொதல் மெயில்ல "சின்ன வயசுலேந்து நீச்சல்னா உயிர்"னு ஒரு பக்கம் எழுதுனா, ஒருத்தர்கூட பதில் போடல. அப்புறம் மெயில் சப்ஜெக்ட் லைன்லயே ஸ்கூல் முடிக்கிற வருஷம், ஈவென்ட், டைமிங் மூணையும் போட்டு, உள்ள மார்க்கு, வீடியோ லிங்க்னு நாலே வரில அனுப்புனா, ரெண்டு பேர் பதில் போட்டாங்க. இன்னொண்ணு, அங்க காலேஜ் போட்டியெல்லாம் யார்டு கணக்குல அளந்த (யார்டு மீட்டர விட கொஞ்சம் சின்னது) நீச்சல்குளத்துல நடக்கும், நம்ம 50 மீட்டர் டைமிங்க எந்தக் குளத்துல எடுத்ததுன்னு சொல்லாம போட்டா கோச்சு தப்பா கணக்கு போட்டுருவாரு.

மார்க்க விட்றாதீங்க ப்ளீஸ். ஐவி லீக்ல (ஹார்வர்டு, யேல் மாதிரி எட்டு அமெரிக்க யுனிவர்சிட்டி சேந்த குரூப்) மார்க்கையும் டெஸ்ட் ஸ்கோரையும் சேத்து அகாடமிக் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் போடுவாங்க, அது ரொம்ப கீழ இருந்தா கோச்சு ஆசப்பட்டாலும் முடியாது. பன்னெண்டாவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கோச்சுகிட்ட ப்ரீ-ரீட் கேளுங்க, அதாவது அட்மிஷன் ஆபீஸ் முன்கூட்டியே மார்க்க பாத்து தேறுமா தேறாதான்னு கோச்சுகிட்ட சொல்லிரும்.

அப்புறம் நேரா கேக்கணும்: "உங்க லிஸ்ட்ல நான் இருக்கேனா? அட்மிஷன்ல எனக்கு சப்போர்ட் பண்ணுவீங்களா?" கூச்சப்படாதீங்க, இந்த ஒரு கேள்வி கேக்காம "கோச் நல்லா பேசுனாரே"ன்னு நம்பி ஏமாந்த குடும்பம் நெறய. "அப்ளை பண்ணு, பாக்கலாம்"னு சொன்னா லிஸ்ட்ல இல்லன்னு அர்த்தம், உடனே அடுத்த காலேஜ பாருங்க. ஐவில கோச் சப்போர்ட் உறுதின்னா அக்டோபர்லேந்து லைக்லி லெட்டர் வரும், சீட்டு கிட்டத்தட்ட உறுதின்னு முன்னாடியே சொல்ற லெட்டர் அது. எம்ஐடி மாதிரி எடத்துல கோச் சிபாரிசுதான் பண்ண முடியும், சீட்டு அவர் கையில இல்ல.

ஸ்குவாஷ் ஆடுற பசங்க நம்பிக்கையா முயற்சி பண்ணுங்க, நம்ம ஸ்குவாஷ் பிளேயர் வேலவன் செந்தில்குமார் ஐவில இருக்கிற கொலம்பியா யுனிவர்சிட்டிக்கு ஆடுனவருதான்.

காசு விஷயம்: ஐவில ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு கிடையாது, குடும்ப வருமானத்த பாத்துதான் உதவி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூணும் வெளிநாட்டுப் பசங்க ஃபீஸ் கட்ட முடியுமான்னு பாத்து சீட்டு குடுக்கிறது இல்ல. வாய் வார்த்தையா ஓகே சொல்றதுக்கு முன்னாடியே எய்டு எவ்ளோ வரும்னு கோச்சுகிட்ட ஒரு எஸ்டிமேட் வாங்கிருங்க.